இருநூறு டாலர் பம்பு துப்பாக்கிக்கு இங்கே என்ன விலை? – ஒரு நிகழ்வு ஆய்வு

கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் தாலுகாவில் ஒரு வீட்டுக்குச் சொந்தமான 12 போர் (குழல் விட்ட அளவு) பம்பு துப்பாக்கி, அதாவது முன்கைப்பிடியை இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் வகை. சீனத் தயாரிப்பு, அமெரிக்கக் கடைகளில் விற்ற மலிவு ரகம். அப்போது அங்கே புதிதாக வாங்கினாலே சுமார் 200 டாலர்தான். அமெரிக்காவில் வேலை பார்த்தவர் ஊருக்கே திரும்பியபோது குடிபெயர்ந்து வருவோருக்கான சுங்க ஏற்பாட்டில் இதைக் கொண்டுவந்தார். அவர் காலமான பிறகு, மனைவி அதை உரிமம் பெற்ற துப்பாக்கி விற்பனையாளரிடம் ஒப்படைத்து ரசீது வாங்கி வைத்திருக்கிறார். மகனுக்கு உரிமம் எடுக்க விருப்பமில்லை, விற்க வேண்டும்.

வாங்க இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் வங்கிக் காவலுக்குப் போகும் முன்னாள் ராணுவத்தினர். மற்றவர் பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் விளையும் (தோட்டம்) மரச்சீனியும் (மரவள்ளி) வைத்திருக்கும் விவசாயி. இதற்கிடையில் ஒரு தரகர் வந்து, "ஃபாரின் சாதனமாக்கும் அக்கா, மூணரை லெச்சத்துக்குக் கொறஞ்சு குடுத்துராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மதிப்பீடு தேவைப்பட்டது அந்த மூன்றரை லட்சத்தால்தான்.

தரகர் சொன்ன தொகை ஆகாயத்திலிருந்து வந்ததல்ல. 1980-களில் துப்பாக்கிகளின் வணிக இறக்குமதி மூடப்பட்ட பிறகு, இந்தியாவில் வெளிநாட்டு முத்திரை உள்ள எதற்கும் பற்றாக்குறை விலை ஏறிவிட்டது. நல்ல ஆங்கிலேய, பெல்ஜிய இரட்டைக்குழல்களுக்கு அந்த விலை நியாயம். கையால் பொருத்தப்பட்ட வேலைப்பாடு அது, தலைமுறை தாண்டும். சிக்கல் என்னவென்றால், அதே பலகையில் மலிவு ரகத்தையும் தூக்கி வைத்துவிடுகிறார்கள்.

இந்தத் துப்பாக்கியின் அமைப்பு 1950-இல் வந்த ரெமிங்டன் 870-இன் நகல். காப்புரிமைக் காலம் என்றோ முடிந்துவிட்டதால் யாரும் செய்யலாம், பலரும் செய்கிறார்கள். நகல் என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. ரிசீவர் (இயந்திரம் உட்காரும் உடற்பகுதி) முழு எஃகு, போல்ட் (தோட்டாவின் பின்புறத்தை அடைக்கும் கட்டை) பூட்டிக்கொள்வது பேரலின் (குழல்) நீட்சியில், ரிசீவரில் அல்ல, பம்பையும் போல்ட்டையும் இணைக்க இரண்டு தள்ளுதண்டுகள். அடிப்படை உறுதியானது. மலிவின் அடையாளம் தெரிவது வேறு இடங்களில்: சேம்பரின் (குழலில் தோட்டா உட்காரும் அறை) உள்மெருகு, சிறு உறுப்புகளின் பொருத்தம், மேற்பூச்சு.

முதலில் காகிதம்

இரும்பைத் தொடுமுன் காகிதத்தைப் பார்க்க வேண்டும். குடிபெயர்ந்து வருபவர் அனுமதிக்கப்பட்ட போரில் ஒரே ஒரு துப்பாக்கிதான் கொண்டுவர முடியும். வெளிநாட்டில் குறைந்தது ஓராண்டு அது அவர் கைவசமும் பயன்பாட்டிலும் இருந்திருக்க வேண்டும், இங்கே செல்லுபடியாகும் உரிமம் வேண்டும், தீர்வை கட்ட வேண்டும். பலர் மறந்துவிடுவது கடைசி நிபந்தனையை: கொண்டுவந்தவர் உயிரோடு இருக்கும்வரை அதை விற்கவோ, இரவல் கொடுக்கவோ, வேறு வகையில் கைமாற்றவோ கூடாது. ஆக, உரிமையாளர் இருந்த காலம் முழுக்க இந்தத் துப்பாக்கியின் சந்தை மதிப்பு பூஜ்யம். அப்போது யாராவது முன்பணம் கொடுத்திருந்தால் இருவருக்கும் வழக்குத்தான் மிஞ்சியிருக்கும்.

இறப்புக்குப் பின் அந்தக் கட்டு இல்லை. ஆனால் இன்னொரு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 21-இன்படி, ஒப்படைக்கப்பட்ட ஆயுதத்தை விதிகள் குறிக்கும் கெடுவுக்குள் வாரிசு உரிமம் பெற்றுத் திரும்ப வாங்கலாம், அல்லது வைத்திருக்கத் தகுதியுள்ள ஒருவருக்கு விற்றுப் பணத்தைப் பெறலாம். இரண்டும் நடக்காவிட்டால் மாவட்ட ஆட்சியரின் உத்தரவால் அது அரசுடைமையாகும். விலை ஏறட்டும் என்று அலமாரியில் போட்டுவைக்கும் பண்டம் அல்ல இது.

தேவைப்பட்ட காகிதங்கள்: சுங்கத் தீர்வை ரசீது, தனி அடையாள எண்ணுடன் கூடிய உரிமம், இறப்புச் சான்று, தாலுகா அலுவலக வாரிசுச் சான்று, ஒப்படைப்பு ரசீது. ஐந்தும் இருந்தன. ஆனால் ரிசீவரின் இடப்பக்கம் பொறித்திருந்த வரிசை எண்ணில் முன்னால் இரண்டு எழுத்துகள். உரிமத்தில் எண் மட்டும் ஏறியிருந்தது, எழுத்துகள் விடுபட்டிருந்தன. எழுதியவரின் கவனக்குறைவு, அவ்வளவுதான். ஆனாலும் வாங்குபவரின் உரிமத்தில் பதியும் நாளில் இதுதான் முதலில் இடிக்கும். சுங்க ரசீதில் எழுத்துகள் சரியாக இருந்ததால், அதன் நகலை இணைத்து நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் திருத்தத்துக்கு மனு கொடுக்கச் சொல்லப்பட்டது. திருத்தம் வரும்வரை எவரிடமும் பணம் வாங்க வேண்டாம் என்பதும் மதிப்பீட்டு அறிக்கையில் உண்டு.

குழல் நீளம்

மலிவு பம்பு துப்பாக்கிகளில் மிகுதியாக விற்பது குட்டைக் குழல் ரகம். அமெரிக்காவில் 18 அங்குலம் சட்ட எல்லை என்பதால் 18½ அங்குலத்தில் ஏராளமாகச் செய்கிறார்கள். இந்தியாவில் எல்லை 20 அங்குலம், அதாவது 508 மி.மீ. அதற்குக் குறைந்த வழவழக்குழல் (உள்ளே புரியில்லாத) துப்பாக்கி ஆயுத விதிகளின் முதல் அட்டவணையில் வேறு வகைக்குப் போய்விடும்; சாதாரண 12 போர் உரிமம் அதற்குப் போதாது. ஒன்றரை அங்குல வித்தியாசத்தில் ஒரே மாடல் விற்கத்தக்கதாகவும் இருக்கும், தொடக்கூடாததாகவும் இருக்கும்.

பேரலில் "20" என்று பொறித்திருக்கிறது என்பதை நம்பி எழுதக் கூடாது. சேம்பரும் மகசினும் (குழலுக்குக் கீழே தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் குழாய்) காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்த பிறகு, போல்ட்டை முழுதாக மூடி, குழல்வாய் வழியாக நேரான மரக்கோலை இறக்கி, போல்ட் முகத்தில் தட்டியதும் வாயின் விளிம்போடு கூரான பென்சிலால் கோடிட வேண்டும். கோலை எடுத்து எஃகு அளவுகோலில் வைத்துப் படிக்க வேண்டும். ரிசீவருக்கு வெளியே தெரியும் பேரலை மட்டும் நாடாவால் அளப்பவர்கள் ரிசீவருக்குள் புதைந்திருக்கும் பகுதியை விட்டுவிடுகிறார்கள். இங்கே கிடைத்த அளவு 511 மி.மீ. எல்லைக்கு மேல் மூன்றே மூன்று மில்லிமீட்டர்.

குழல்வாயின் கீழ் விளிம்பில் எங்கோ இடித்த நசுங்கல் ஒன்று இருந்தது. நீளக்குழல் துப்பாக்கியாக இருந்தால் வாயை நான்கைந்து மி.மீ. சீவிப் புதிதாக விளிம்பு கட்டிவிடுவார்கள். இங்கே அது முடியாது. சீவினால் 508-க்குக் கீழே போகும். பேரலைக் குட்டையாக்குவதற்குத் தனி உரிமம் வேண்டும் என்று ஆயுதச் சட்டப் பிரிவு 6 வேறு நிற்கிறது. உள்ளிருந்து செப்புத் தக்கையால் மெல்லத் தட்டி எடுக்கலாம், ஓரளவு சரியாகும், முழுதாகச் சரியாகாது. அடுத்த முறை இதே இடம் இடித்தாலும் இதே கதைதான். வாங்குபவர் இந்தக் குறையை ஏற்றுக்கொண்டுதான் வாங்க வேண்டும், விலையில் அது தெரிய வேண்டும்.

இயந்திரம்

குழலின் உள்ளே வெளிச்சத்தை வைத்துப் பார்த்தபோது வளையம் போன்ற நிழல் எதுவும் இல்லை. அப்படி ஒரு நிழல் இருந்தால் அந்த இடம் வீங்கியிருக்கிறது என்று பொருள். அடைப்போடு சுட்டதால் வருவது. இந்தப் பகுதியில் அடைப்பு என்றால் பெரும்பாலும் குளவிக் கூடுதான். சுவரில் சாய்த்து வைத்த துப்பாக்கியில் சில நாளில் மண்ணை அடைத்துவிடும். வீங்கிய பேரலுக்கு வைத்தியம் கிடையாது. மதிப்பீடு அங்கேயே முடிந்துவிடும், இரும்பு விலை.

சேம்பரில்தான் பிரச்சினை. சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குக்கு ஊசிமுனைக் குழிகள். சுடும்போது தோட்டாவின் பிளாஸ்டிக் கூடு விரிந்து இந்தக் குழிகளில் அப்பிக்கொள்ளும். அடுத்துப் பம்பை இழுத்தால் வராது. பலமாக இழுத்தால், கூட்டைப் பற்றி இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கி விளிம்பைக் கிழித்துவிட்டு வெறுமனே வரும், காலிக்கூடு உள்ளேயே நிற்கும். மலிவு ரகங்களில் சேம்பர் முதலிலேயே சொரசொரப்பு. அதில் துருவும் சேர்ந்தால் சொல்ல வேண்டியதில்லை. மிக நுண்ணிய எஃகுப் பஞ்சை எண்ணெயில் நனைத்து, தூரிகைத் தண்டில் சுற்றிக் கையாலேயே திருப்பித் திருப்பித் தேய்த்தால் மேல் துரு போகும், குழியின் விளிம்பு மழுங்கும். குழி போகாது. டிரில் மிஷினில் மாட்டி எமரித் தாள் போடுகிறவர்கள் சேம்பரை முட்டை வடிவமாக்கி விடுகிறார்கள். இந்தத் துப்பாக்கியைக் கையால் தேய்த்த பிறகு, அனுமதி பெற்ற சுடுதளத்தில் சுட்டுப் பார்த்ததில் கூடுகள் தடையின்றி வந்தன. அதுவும் துப்பாக்கி சூடாகும்வரை சுட்ட பிறகு பார்க்க வேண்டும். குளிர்ந்த நிலையில் ஐந்து தோட்டா சரியாக வந்தது என்பது சான்று ஆகாது. காலிக்கூடுகளின் அடியில் உள்ள குப்பி (பிரைமர்) பின்னால் பிதுங்காமல் தட்டையாக இருந்ததும் குறித்துக்கொள்ளப்பட்டது. பிதுங்கியிருந்தால் போல்ட் முகத்துக்கும் தோட்டாவுக்கும் உள்ள பூட்டு இடைவெளியை அளவுக்கருவி போட்டு மீண்டும் பார்க்க வேண்டியிருக்கும்.

சேம்பர் 3 அங்குலம், 76 மி.மீ. தரகர் இதையும் ஒரு பெருமையாகச் சொன்னார். நம் ஊரில் சாதாரணமாகக் கிடைப்பது புனே கட்கி தோட்டாத் தொழிற்சாலையின் 65, 70 மி.மீ. தோட்டாக்கள். 76 சேம்பரால் வாங்குபவருக்குப் பைசா லாபம் இல்லை. குட்டைத் தோட்டாவால் சேம்பரின் முன்பகுதியில் கரிவளையம் படியும், அதைச் சுரண்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் மிச்சம்.

அடுத்தது ஊட்டம். நான்கு டம்மி (வெடிக்காத) தோட்டாக்களை மகசினில் போட்டு, முதலில் மிக மெதுவாக, பிறகு வேகமாகப் பம்பு செய்து பார்க்க வேண்டும். வேகமாகச் செய்தால் பல குறைகள் மறைந்துகொள்ளும். மெதுவாகச் செய்யும்போதுதான் வெளிவரும். மெதுவாக இழுத்தபோது இங்கே ஒரு தோட்டாவுக்குப் பதில் இரண்டு வெளியே வந்து, இரண்டாவது, தோட்டாவைச் சேம்பர் மட்டத்துக்கு ஏற்றும் தூக்குத்தட்டின் கீழே போய்ச் சிக்கியது. பம்பு முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை.

காரணம் ரிசீவரின் உட்சுவரில் இருக்கும் தோட்டா நிறுத்தி. இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. ஒன்று தோட்டாவை மகசினிலேயே பிடித்து வைக்கும், மற்றது ஒரு தோட்டா வெளியேறும் நேரத்தில் அடுத்ததைத் தடுக்கும். இவை திருகால் பொருத்தப்பட்டவை அல்ல. பள்ளத்தில் உட்கார வைத்து, ஓரத்து உலோகத்தை உளியால் அழுத்திக் கவ்வ வைத்தவை. மலிவு நகல்களில் அந்தக் கவ்வல் மேலோட்டமாக இருக்கும். ட்ரிக்கர் தொகுதியை அடிக்கடி கழற்றி மாட்டுவதால் நிறுத்தி தளர்ந்துவிடும். ட்ரிக்கர் தொகுதியின் இரண்டு குறுக்கு ஊசிகளையும் தட்டி எடுத்துத் தொகுதியைக் கீழே இறக்கினால், தளர்ந்த நிறுத்தி தானே விரலோடு வந்துவிடும். இங்கே இடப்பக்கத்தது வந்தது.

இதைச் சிறிய கோளாறு என்று தள்ள முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1980-களுக்குப் பிந்திய அசல் 870-களில் தூக்குத்தட்டில் ஒரு வெட்டும், நடுவே வளைந்து கொடுக்கும் நாக்கும் இருக்கும். தோட்டா கீழே சிக்கினாலும் பம்பைப் பலமாக இழுத்து விடுவித்துக்கொள்ளலாம். இந்த நகலில் தூக்குத்தட்டு வெட்டில்லாத பழைய வடிவம். சிக்கினால் கத்தி முனையோ திருப்புளியோ கொண்டு நெம்ப வேண்டும். காவல் வேலையில் இருப்பவருக்கு அந்த நேரம் கிடைக்காது. உரிமம் பெற்ற ஆர்மரர் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) நிறுத்தியை மீண்டும் ஆழமாகக் கவ்வவைத்த பிறகு, மெதுவாகவும் வேகமாகவும் திரும்பத் திரும்பச் செய்து பார்த்ததில் இரட்டை ஊட்டம் வரவில்லை. பம்பை முழுதாக இழுக்காமல் பாதியில் முன்னே தள்ளுவதாலும் ஊட்டம் தவறும். அது சுடுபவர் குறை, துப்பாக்கியின் கணக்கில் எழுதக் கூடாது.

முன்கைப்பிடி லொடலொடவென ஆடுவதைக் காட்டி விலை குறைக்கப் பார்ப்பவர்கள் உண்டு. இந்த வடிவத்தில் அது இயல்பு, அசலிலும் ஆடும். காலிக்கூட்டை வெளியே தட்டிவிடும் எஜெக்டர், ரிசீவரின் உட்சுவரில் ரிவெட் அடித்தது. அதன் மேல் உள்ள மெல்லிய பட்டை வில் முழுதாக இருந்தது. அது உடைந்திருந்தால் ரிவெட்டை எடுத்து, புதிது அடித்து, வெளிப்பக்கம் சீவி, பூச்சும் போட வேண்டும். உள்ளங்கை நீளத் தகட்டுக்குக் கூலி பல மடங்கு.

பாதுகாப்புச் சோதனை மூன்று. டம்மியோடு, சேஃப்டி பொத்தான் போட்ட நிலையில் ட்ரிக்கர் நகரக் கூடாது. சேஃப்டி போட்டு, ட்ரிக்கரை அழுத்தி விட்டு, பிறகு சேஃப்டியை எடுக்கும்போது சுத்தியல் விழக் கூடாது. பம்பு ஒரு விரற்கடை பின்னால் இருக்கும்போது ட்ரிக்கரை அழுத்தினாலும் விழக் கூடாது. மூன்றிலும் தேறியது. ஆனாலும் இந்த வகைச் சேஃப்டி தடுப்பது ட்ரிக்கரை மட்டுமே, சுத்தியலை அல்ல. சேம்பரில் தோட்டாவோடு ஜீப்பில் போட்டுக்கொண்டு போவதற்கு அது அனுமதிச் சீட்டு இல்லை.

ஈரம்

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்கிற மாவட்டம். கடற்கரையில் உப்புக் காற்று, மேற்கே ரப்பர் விளைகளுக்குள் எப்போதும் பிசுபிசுப்பு. இந்தத் துப்பாக்கியின் மேற்பூச்சு மங்கலான பாஸ்பேட் வகை. எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொண்டால் நன்றாகவே தாங்கும், காய விட்டால் கடற்பாசி போல ஈரத்தை இழுக்கும். வீட்டில் இதைத் தோல் உறைக்குள் வைத்திருந்தார்கள், போதாததற்குத் தேங்காய் எண்ணெய் தடவியிருந்தார்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். தேங்காய் எண்ணெய் நாளானால் சிக்குப்பிடித்து, தூசியோடு சேர்ந்து பசையாகி, அதிலுள்ள அமிலம் இரும்பை அரிக்கும். தையல் மிஷின் எண்ணெய் பத்து மடங்கு மேல்.

தேர்தல் காலங்களில் காவல் நிலையத்தில் ஒப்படைத்த ரசீதுகளும் இருந்தன: 2021, 2024. ஒவ்வொரு முறையும் வாரக்கணக்கில் நிலைய அலமாரியில், உறையோடு. ஒப்படைக்கும் முன் எண்ணெயிட்டு, திரும்ப வாங்கிய அன்றே உறையிலிருந்து எடுத்துத் துடைத்திருந்தால் சேம்பர் குழிகளில் பாதி வந்திருக்காது.

யாரும் பார்க்காத இடம் மகசின் குழாயின் உட்புறம். மூடியைத் திருகி எடுத்ததும் வில் பாய்ந்து வராமல் கட்டைவிரலால் அடக்கிக்கொண்டே தடுப்பை எடுக்க வேண்டும். உள்ளே மெல்லிய துரு, தள்ளுமுனை ஓரிடத்தில் தயங்கியது. துடைத்ததும் சரியானது.

உதிரிபாகம், வாங்குபவர், விலை

அமெரிக்காவில் இந்த நகலுக்கு ஓர் உறுப்பு போனால் 870-இன் உறுப்பில் பாதி பொருந்தும், மீதியை அரத்தால் சரிசெய்வார்கள். இங்கே 870 உறுப்புகளே கடையில் இல்லை. சட்டத்தில் ஆயுதம் என்ற வரையறைக்குள் அதன் பாகங்களும் வருகின்றன, ஆகவே பார்சலில் வரவழைக்கும் யோசனைக்கே இடமில்லை. எக்ஸ்ட்ராக்டரையும் வில்களையும் நல்ல ஆர்மரர் எஃகிலிருந்து செய்து தருவார். தூக்குத்தட்டு, போல்ட் பூட்டுக்கட்டை ஆகியவை போனால் துப்பாக்கி நின்றுவிடும். "இறக்குமதி" என்ற சொல் விலையைக் கூட்டுவதற்குப் பதில் குறைக்க வேண்டிய இடம் இது.

விவசாயிக்கு வேண்டியது காட்டுப்பன்றிக்கு. மரச்சீனி விளையில் ஒரே இரவில் என்ன ஆகும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும், அவர் ஆத்திரம் நியாயமானது. ஆனால் 2022 திருத்தத்துக்குப் பின் காட்டுப்பன்றி வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. 2025-இல் தமிழக அரசு செய்த ஏற்பாட்டிலும் சுடுவது வனத்துறையின் வேலை, விளைக்காரர் வேலை அல்ல. பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் என்று ஆயுதச் சட்டப் பிரிவு 13 முதலில் சொல்வதும் வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைத்தான். அது போதாது என்று அதிகாரி கருதினால் மட்டுமே வேறு துப்பாக்கி. போதாததற்கு இது சோக் (குண்டுகள் சிதறாமல் குழல்வாயைக் குறுக்கும் அமைப்பு) இல்லாத நேர்க்குழல். 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் சுமார் 40 விழுக்காடு குண்டுகள்தான் விழும். அவர் தேவைக்கு இதன் மதிப்பு ஒன்றுமில்லை, நேராகவே அப்படிச் சொல்லப்பட்டது.

காவல்காரருக்கு அதே குட்டைக் குழல் வசதி. வங்கி வாசலில் நீளக்குழல் கதவில் இடிக்கும். அவரிடம் ஏற்கெனவே ஓர் ஒற்றைக்குழல் இருந்தது. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கி என்ற வரம்புக்குள் இது இரண்டாவது. இனி அவருக்கு வேறு வாங்க இடமில்லை என்பதையும் யோசித்துத்தான் அவர் முடிவெடுக்க வேண்டியிருந்தது.

விலைக்கு அடிப்படையாக, அந்த வாரம் விற்பனையாளரிடம் இருந்த புதிய உள்நாட்டுப் பம்பு துப்பாக்கியின் விலை 100 என்று வைக்கப்பட்டது. தரகரின் தொகையோ டாலர் விலையோ கணக்கில் வரவில்லை. உத்தரவாதமும் உதிரிபாகமும் இல்லாததற்கு 20 கழிவு. சேம்பர் குழிகளுக்கு 8. குழல்வாய் நசுங்கலுக்கு 5. வெட்டில்லாத தூக்குத்தட்டுக்கு 3. எஃகு ரிசீவருக்குக் கூட்டல் ஏதும் இல்லை, அது அடிப்படையிலேயே அடங்கியது. ஆக 64. நிறுத்தியைச் சரிசெய்த கூலியும் விற்பனையாளரின் பாதுகாப்புக் கட்டணமும் விற்பவர் பொறுப்பு. பற்றாக்குறைக்காக யாராவது கூடக் கொடுக்க முன்வந்தால் வாங்கிக்கொள்வது அந்த அம்மாவின் உரிமை, ஆனால் அதை மதிப்பீடு என்று எழுதித் தர முடியாது. தரகரிடம் ஆளைக் கூட்டிவரச் சொன்னதற்கு இதுவரை யாரும் வரவில்லை.

காவல்காரர் 64-க்கு ஒப்புக்கொண்டார். எண் திருத்தம் வந்த பிறகு விற்பனையாளர் வழியாக, அவர் உரிமத்தில் 12 போர் கொள்முதலுக்கான பதிவு இருப்பதைச் சரிபார்த்து, கைமாற்றம் நடந்தது. உரிமம் உள்ள தனியாள் நேரடியாக விற்பதாக இருந்தால், ஆட்சியருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்தாக வேண்டும். துப்பாக்கியோடு காவல்காரருக்குக் கொடுத்த குறிப்பில் நான்கே வரி: தோல் உறை வேண்டாம், சுட்ட அன்றே சேம்பரைத் துடைக்கவும், நிறுத்தியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆர்மரரிடம் காட்டவும், ட்ரிக்கர் தொகுதியை வீட்டில் கழற்ற வேண்டாம்.